மருத்துவ முகாம் முடிந்த மறுநாள் என்ன? தேனி காட்டும் வழி

ஜார்ஜ்டவுன் - கோயில் மண்டபத்திலும் தோட்ட மண்டபத்திலும் இலவச மருத்துவ முகாம் நடப்பது நமக்குப் புதிதல்ல. இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். விரலில் குத்தி இனிப்பு நீர் அளவைச் சொல்வார்கள். தொண்டூழிய மருத்துவர்கள் மாலையில் கிளம்பிவிடுவார்கள். அளவு கூடுதலாக இருந்தவரை மறுநாள் பார்ப்பது யார்?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். இந்நோய் விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் வலியோ மங்கலோ தெரியாது. தெரியும்போது பலருக்குக் காலம் கடந்திருக்கும்.

தேனியில் என்ன செய்தார்கள்?

டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, உள்ளூர் அமைப்புகளின் துணையோடு கிராமங்களில் முகாம் நடத்தி வந்தது. ஆனால், கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்பது 1999-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. துணைக்கு ஆளில்லை, செலவு, பயம் எனப் பல காரணங்களால் மற்றவர்கள் வரவில்லை.

எனவே 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்து, விவரங்களைக் கணினியில் ஏற்றுவார். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து, நோயாளியிடம் காணொலியில் பேசுவார். தேனி வட்டாரத்தில் இணைய வசதி குறைவாக இருந்ததால், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை இணைப்பை அமைத்துத் தந்தனர். பெரும்பாலோருக்குக் கண்ணாடியோ மருந்தோ அங்கேயே கிடைத்துவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் மட்டும் பயணம் செய்தால் போதும். இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன.

இங்கே முடியுமா?

காணொலி மட்டும் நோயைக் குணப்படுத்தாது. சோதிக்கத் தெரிந்த ஒருவர் நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும். பதிவு வைக்க வேண்டும். அடுத்த நாள் குறிக்க வேண்டும். நிபோங் திபால், சுங்கை பாக்காப் வட்டாரத்தில் முகாம் நடத்தும் அமைப்புகள், மாதம் ஒரு நாள் அதே மண்டபத்தில் ஒரு தாதியை அமர்த்தி, முகாமுக்கு வந்த மருத்துவரைக் காணொலியில் இணைத்தாலே நல்ல தொடக்கம்.

அதுவரை, முகாமில் தந்த சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதை அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். நீரிழிவு உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள்.