செவ்வாய்க்குப் பயணமா? கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

செவ்வாயில் குடியேற ஆள் எடுக்கிறோம், போனால் திரும்ப முடியாது என்று 2012-இல் மார்ஸ் ஒன் என்ற நெதர்லாந்து நிறுவனம் அறிவித்தது. கட்டணம் கட்டி விண்ணப்பித்தவர்கள் ஏராளம். 2019-இல் அது திவாலானது. ஆனாலும் மக்கள் படிக்காமலே சம்மதிக்கிறார்கள். 2020-இல் ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் நிபந்தனைகளில், செவ்வாய் ஒரு சுதந்திரக் கிரகம், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை என்று ஒரு பிரிவு இருந்தது. வீட்டுக்கு நெட் கேட்டவர்கள் அதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார்கள்.

1967 விண்வெளி ஒப்பந்தம் சொல்வது வேறு. கலம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அதில் இருப்பவர்மீது அந்த நாட்டுக்கே அதிகாரம். தனியார் செயலுக்கும் அவர்களுடைய அரசே பொறுப்பு. ஆகவே பதிவு எங்கே என்று கேளுங்கள். வியன்னாவில் உள்ள ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்தின் பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்திடம் பணம் கட்டாதீர்கள்.

குடியிருப்புக்குள் போனபின் சுதந்திரம் சுருங்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில், பாதுகாப்புக்குத் தேவையென்றால் ஒருவரைக் கட்டுப்படுத்தத் தளபதி அளவான பலத்தைப் பயன்படுத்தலாம். அது நியாயம்தான். ஆனால் அந்த அதிகாரம் நடத்தை விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் குடியிருப்பின் விதிகளில் அப்படி எழுதியிருக்கிறதா?

அமெரிக்காவிலிருந்து கிளம்பினால், தெரிந்த ஆபத்துகளையும், கலம் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை என்பதையும் நிறுவனம் எழுத்தில் தரவேண்டும். நேரில் கேள்வி கேட்கவும் வாய்ப்புத் தரவேண்டும். அதன்பிறகே சம்மதப் பத்திரம். எந்தக் கலம் என்பதும் அதில் இருக்கவேண்டும். பயணிகளைக் காக்கும் விதிகளை எழுத அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு 2004-இல் போட்ட தடையை நாடாளுமன்றம் நீட்டிக்கொண்டே போய், இப்போது 2028 ஜனவரி 1 வரை வைத்திருக்கிறது. இத்தனை ஆண்டு அலட்சியத்துக்கு மன்னிப்பே கிடையாது. அதனால் அந்தத் தாள் ஒன்றே உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

ஒப்பந்தத்தில் திரும்பும் இருக்கை உண்டா என்று பாருங்கள். செவ்வாய்க்குச் சாதகமான பயண வாய்ப்பே சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். பணத் தகராறு வந்தாலும் காற்று, தண்ணீர், பூமியுடனான தொடர்பு மூன்றையும் நிறுத்தமாட்டோம் என்ற வரி இருக்கிறதா? இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்வார்த்தையை நம்பிப் போடவே போடாதீர்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நம்பிக்கையானவருக்குப் பவர் பத்திரம் பதிவு செய்து, ஒப்பந்த நகலையும் கொடுத்துவிட்டுப் போங்கள். வழக்குப் போட இங்கே ஆள் வேண்டும்.