தகட்டைக் கவ்வும் மரை

இரு பொருள்களை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்துதல் கைத்தொழில்களுள் மிகப் பழையது. தச்சன் முளை அடிக்கிறான். கொல்லன் தறையாணி கொண்டு தறைகிறான். கன்னான் பற்றவைக்கிறான். தட்டான் பொன்னிலே கல்லைப் பதிக்கிறான். இந்நான்கு முறைகளும் தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்தவை. இக்காலத் தொழிற்சாலைகளில் இவற்றோடு ஐந்தாவதாக ஒரு முறை வழங்குகிறது. மெல்லிய உலோகத் தகட்டிலே ஒரு துளையிட்டு, அத்துளையில் ஒரு சிறு மரையை வைத்து அழுத்தினால், அது வெப்பமுமின்றிப் பசையுமின்றி அத்தகட்டோடு ஒன்றிவிடுகிறது. பட்டறையில் இதனை நட்டு என்பர். இது தானாகவே தகட்டைக் கவ்விக் கொள்வதால் தன்கவ்வு மரை என இங்கே வழங்குவோம்.

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தை அறிந்தோர்க்கு இப்பொருள் அயலானதன்று. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் சிற்றூர்களுமாக இருந்த இவ்விடத்தில் 1973ஆம் ஆண்டு புதுநகர் எழத் தொடங்கியது. வீடுகளோடு தொழிற்பேட்டைகளும் எழுந்தன. 1981இல் ஆப்பிள் கணினி நிறுவனம் இங்கே ஓர் ஆலையைத் தொடங்கியது. 1984இல் எஸ்.ஜி.எஸ். நிறுவனம் மின்னணுச் சில்லுகளுக்கான ஆலையை நிறுவிற்று. அதுவே இன்று எஸ்.டி. மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் எனப்படுகிறது. மின்னணுக் கருவி எதுவாயினும் அதற்கு ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்குத் தகடு வேண்டும். தகட்டை வெட்டவும் மடிக்கவும் துளையிடவும் பட்டறை வேண்டும். அத்தகைய பட்டறைகளில், ஓர் ஓரத்தில் நிற்கும் அழுத்தப்பொறியில் நாள்தோறும் நடைபெறும் வேலையே நாம் இங்குக் காணப்போவது.

தேவை எங்ஙனம் எழுந்தது?

தகடு மெல்லியது என்பதே இங்குள்ள சிக்கல். 3 மில்லிமீட்டர் திருகாணி ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதன் புரிகளுக்கு இடையேயுள்ள தொலைவு 0.5 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில் துளையிட்டு அதன் சுவரிலேயே புரி வெட்டினால் எத்தனை புரிகள் அமையும்? இரண்டே இரண்டு. இரண்டு புரிகளைப் பற்றிக்கொண்டு ஒரு திருகாணி நெடுநாள் நிற்க இயலாது. சற்று இறுக்கினாலே புரி அழியும். பின்னர்த் திருகாணி வெறுமனே சுழலும். ஒருவனை 'மரை கழன்றவன்' என்று உலக வழக்கில் ஏன் ஏளனம் செய்கின்றனர் என்பது அப்போது நன்கு விளங்கும்.

தகட்டின் பின்புறம் தனி மரையொன்றை வைத்து முடுக்கலாமே எனின், பெட்டி மூடிய பிறகு பின்புறம் கை செல்லாது. கை தவறி விழும் மரை பெட்டிக்குள்ளேயே தங்கி, மின்சுற்றின் மேல் கிடந்து குறுக்குச்சுற்றை விளைவிக்கவும் கூடும். மரையைப் பற்றவைக்கலாம் எனின், வெப்பத்தால் மெல்லிய தகடு கோணும். துத்தநாகம் பூசிய தகடாயின் பூச்சு எரிந்து அவ்விடம் துருவுக்கு இரையாகும். ஆகவே வெப்பமின்றி, பின்புறம் கை வேண்டாமல், தகட்டோடு என்றும் நிலைத்திருக்கும் மரை ஒன்று தேவையாயிற்று.

இத்தேவையைக் கருதித் தன்கவ்வு மரையை உருவாக்கியவர் கே. ஏ. ஸ்வான்ஸ்ட்ராம் என்பவர். இவர் 1942இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பென் எஞ்சினியரிங் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அந்நிறுவனத்தின் வணிகக் குறி 'பெம்' என்பதாகும். வேறு நிறுவனங்கள் செய்தவற்றையும் பட்டறையில் பலர் 'பெம் நட்டு' என்றே அழைப்பது, ஒரு பெயர் பொருட்பெயராகவே மாறிவிடும் மொழியியல்புக்கு நல்ல சான்று.

கவ்வும் வகை

இம்மரையின் உறுப்புகள் மூன்று. மேலே அகன்ற தலை. கீழே துளைக்குள் செல்லும் குட்டையான கழுத்து. இரண்டுக்கும் இடையே பற்கள் வெட்டிய ஒரு வளையம். கழுத்தைச் சுற்றிலும் உட்குழிந்த ஒரு பள்ளம் ஓடுகிறது. கழுத்து துளையினுள் சரியாக நுழையும்; பல் வளையமோ துளையைவிடச் சற்றுப் பெரியது. ஆகையால் கையால் வைக்கும்போது மரை துளையின் மேல் வந்து நிற்குமேயன்றி முழுதும் இறங்காது.

இனி, பொறி மேலிருந்து அழுத்துகிறது. சிறிய மரையாயினும் இரும்புத் தகட்டில் இதற்கு ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையின் அழுத்தம் தேவைப்படும். பல் வளையம் துளையின் விளிம்பிலுள்ள உலோகத்தை நசுக்குகிறது. நசுக்குண்ட உலோகம் எங்கே செல்லும்? உலோகம் பஞ்சைப்போல் சுருங்குவதன்று. ஓரிடத்திலிருந்து தள்ளப்பட்டால் வேறிடம் தேடியே ஆகவேண்டும். வெளிப்புறம் தகட்டின் எஞ்சிய பகுதி தடுத்து நிற்கிறது. மேலே மரையின் தலை. கீழே பொறியின் அடைகல். வெறுமையாக இருப்பது கழுத்தைச் சுற்றியுள்ள அப்பள்ளம் ஒன்றே. ஆதலின் உலோகம் அங்கே சென்று நிரம்புகிறது. சூடேற்றாமலே உலோகம் இவ்வாறு இடம்பெயர்வதைக் குளிர் ஒழுக்கு எனலாம்.

பள்ளத்தில் நிரம்பிய உலோகம் மரையை வெளியே வரவிடாது. நசுக்குண்ட விளிம்பில் புதைந்த பற்கள் அதனைச் சுழலவிடா. வெளியேறாமை ஒன்று, சுழலாமை ஒன்று என இரண்டு காவல்கள் ஒரே அழுத்தத்தில் அமைந்து விடுகின்றன. அழுத்தத்தை நீக்கினால் தகடு பழைய நிலைக்கு மீளாதோ என்று மாணவர் வினவலாம். சிறிதளவு வளைத்த கம்பி மீளும்; எல்லை கடந்து வளைத்த கம்பி மீளாது. இங்கே உலோகம் அவ்வெல்லையைக் கடந்து நசுக்கப்பட்டிருக்கிறது. அதனால் அஃது இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கிறது.

தட்டாரின் தொழிலோடு ஒப்புமை

இதனை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்க்கு எளிய உவமை ஒன்று கைவசம் உண்டு. சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் கல் பதித்த தோடுகளைக் காணலாம். பதிப்பவர் கல்லைக் குழியில் வைத்து, அதைச் சூழ்ந்துள்ள பொன் விளிம்பைச் சிறு கருவியால் அழுத்திக் கல்லின் மேல் சாய்க்கிறார். கல் வளைவதில்லை; பொன்தான் இளகிக் கொடுத்துக் கல்லைத் தழுவிக் கொள்கிறது. கலப்பற்ற பொன் மிகவும் மென்மையாதலால் இவ்வேலைக்கு உகந்தது. தன்கவ்வு மரையும் இத்தகையதே. மரை கல்லைப் போன்றது; தகடு பொன்னைப் போன்றது. அழுத்தத்தில் இடம் கொடுப்பது தகடு. இடம் கொள்வது மரை.

இவ்வுவமையிலிருந்தே இத்தொழிலின் முதல் விதி பிறக்கிறது. மரை தகட்டினும் கடினமாக இருத்தல் வேண்டும். கடினத்தை ராக்வெல் என்னும் அளவால் குறிப்பர். பதப்படுத்திய எஃகு மரைக்குத் தகட்டின் கடினம் ராக்வெல் 'பி' அளவில் 80க்கு மேற்படலாகாது. வழக்கமான துருப்பிடிக்கா எஃகு மரைக்கு 70. அலுமினிய மரைக்கு 50. துருப்பிடிக்கா எஃகுத் தகட்டில் துருப்பிடிக்கா எஃகு மரையைப் பொருத்துதல் முறைதானே என எண்ணுவது இயல்பு. ஆயின் இரண்டும் ஏறத்தாழ ஒரே கடினமாயின், எது எதற்கு இடம் கொடுக்கும்? பற்கள் நசுங்கும், தகடு ஒழுகாது, மரை அமர்ந்தது போலத் தோன்றிப் பின்னர்க் கழன்று விடும். இதற்கெனத் தனியாகக் கடினப்படுத்திய எஃகு மரைகள் உள. அவை 90 வரை கடினமுள்ள தகட்டை ஏற்கும்.

விதிகளும் காரணங்களும்

பட்டறையில் புதிதாகச் சேரும் இளைஞனுக்கு விதிகள் மட்டுமே சொல்லப்படுகின்றன. காரணம் சொல்லப்படுவது அரிது. காரணம் அறியாதவன் விதியை மறப்பான். அறிந்தவன் விதி எழுதப்படாத இடத்திலும் நேரியது செய்வான். ஆகலின் முதன்மையானவற்றைக் காரணத்தோடு காண்போம்.

முதலாவது, துளையின் அளவு. 3 மில்லிமீட்டர் மரைக்குத் துளை ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர், மிகையாக 0.08 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், குறைதல் ஆகாது. துளை பெரிதாயின் பள்ளத்தை நிரப்பப் போதிய உலோகம் கிடைக்காது. சிறிதாயின் கழுத்தே நுழையாது.

இரண்டாவது, துளை விளிம்பைச் சாய்வாக அராவுதல் கூடாது. கூரிய விளிம்பைக் கண்டால் அராவித் தேய்ப்பது நல்ல தொழிலாளியின் பழக்கம். ஆனால் இங்கே அந்த விளிம்புதான் பள்ளத்துக்குள் ஒழுக வேண்டிய உலோகம். அதனை அராவி எடுப்பது, கல் பதிக்க வேண்டிய பொன்னை முன்னரே சுரண்டி எடுப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, அழுத்த வேண்டுமேயன்றி அடித்தல் ஆகாது. சுத்தியால் அடித்தால் விசை கணநேரமே நிற்கும். உலோகம் ஒழுகிப் பள்ளத்தை நிரப்ப அது போதாது. அடி சாய்ந்தால் மரையும் சாயும். பொறியின் மேல்முகமும் கீழ்முகமும் இணையாக நின்று சீராக அழுத்துதல் இன்றியமையாதது. அளவு மீறி அழுத்தினாலோ மரையின் புரி நெரிந்து திருகாணி ஏறாது, தகடும் கோணும்.

நான்காவது, தகட்டின் தடிப்பு. ஒவ்வொரு மரைக்கும் குறைந்த அளவுத் தடிப்பு ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. கழுத்தின் நீளத்திற்கேற்ப அது 0.8, 1, 1.4 மில்லிமீட்டர் என மாறும். தகடு அதனினும் மெல்லியதாயின் கழுத்து மறுபுறம் நீட்டிக் கொண்டிருக்கும். அதன்மேல் வேறொரு தகட்டை வைத்து முடுக்கினால் அவை படிந்து சேரா.

ஐந்தாவது, விளிம்புக்கு மிக அருகே துளையிடலாகாது. 3 மில்லிமீட்டர் மரைக்குத் துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை 4.8 மில்லிமீட்டராவது வேண்டும். இல்லையேல் தள்ளுண்ட உலோகம் பள்ளத்திற்குப் போகாமல் ஓரத்தைப் புடைக்கச் செய்யும்.

ஆறாவது, மரை நிற்க வேண்டிய பக்கம். மிகுந்த தீங்கு விளைவது இவ்விதி பிறழும்போதே. திருகாணி எப்பக்கத்திலிருந்து வருகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் மரையின் தலை இருத்தல் வேண்டும். அப்போது திருகாணியை முடுக்கும்தோறும் மரை தகட்டின் மேலேயே மேன்மேலும் இழுக்கப்படும். பக்கம் மாறினால் முடுக்கும் விசையே மரையைத் துளையிலிருந்து வெளியே இழுக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சுமை ஏறும் நாளில்தான் வேறுபாடு தெரியும்.

அலுமினியத் தகட்டுக்கு மற்றுமொரு விதி உண்டு. மின்வேதி முறையில் பூச்சு ஏற்றிய பின்னரே எஃகு மரையைப் பொருத்த வேண்டும்; முன்னரே பொருத்தினால் அப்பூச்சுத் தொட்டியில் எஃகு கெடும்.

சோதனையும் காவலும்

பொருத்திய மரை நன்று பொருந்தியதா என்பதைக் கண்ணால் மட்டும் கண்டு தெளிய இயலாது. எனவே மாதிரிகள் சிலவற்றை எடுத்துச் சோதிப்பர். மரையைப் பின்னிருந்து தள்ளி எவ்விசையில் வெளியேறுகிறது என்று பார்ப்பது ஒன்று. முறுக்கி எவ்விசையில் சுழலத் தொடங்குகிறது என்று பார்ப்பது மற்றொன்று. திருகாணியைப் பூட்டி இழுத்து மரை தகட்டைக் கிழித்துக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பது மூன்றாவது.

மரையைப் போலவே கவ்வும் வேறு உறுப்புகளும் உண்டு. புரியுள்ள தண்டு வெளியே நீட்டி நிற்கும் ஆணிகள் ஒருவகை. மின்சுற்றுப் பலகையைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் குட்டைத் தூண்கள் மற்றொருவகை. கழற்றினாலும் கீழே விழாமல் தகட்டிலேயே தங்கும் திருகாணிகள் பிறிதொருவகை. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: மெலியது ஒழுகி வலியதைத் தழுவுதல்.

தகட்டைக் கவ்வும் பொறி விரலையும் கவ்வும் என்பதை மறத்தலாகாது. ஒரு டன் அழுத்தத்தின் கீழே விரல் சிக்கினால் மீட்சி இல்லை. ஆகவே சில பொறிகளில் ஒரு காவல் அமைத்துள்ளனர். அழுத்துதண்டு முதலில் மெல்ல இறங்கி, தான் தொட்டது உலோகந்தானா என்பதை மின்னோட்டத்தால் அறியும். உலோகமாயின் முழு விசையோடு அழுத்தும். அன்றாயின் மேலே திரும்பிவிடும். வேலை விரைவாக முடியவேண்டும் என்பதற்காக இக்காவலை நிறுத்தி வைப்போர் சிறு ஆதாயத்திற்குப் பெரிய விலை கொடுக்க நேரிடும்.

ஆங் மோ கியோவில் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரியும் உள்ளன. தமிழ் மாணவர் பலர் இத்தகைய கல்விக்கூடங்களுக்குச் செல்கின்றனர். தமிழகத்திலிருந்து வந்து சிங்கப்பூர்ப் பட்டறைகளில் உழைப்போரும் உளர். அவர்கள் கையாளும் பொருளை அவர்கள் மொழியில் விளக்க இயலுமா என்னும் ஐயம் சிலர்க்கு உண்டு. தகடு, துளை, புரி, மரை, தறைதல், பதித்தல் என்பன புதிதாகத் தேடிப் பெற வேண்டிய சொற்களல்ல. கொல்லரும் தட்டாரும் வழிவழியாக ஆண்டவை. அவற்றைப் பாடப்புத்தகத்தின் ஓரத்தில் ஒதுக்காமல் வகுப்பில் பொருளோடு சேர்த்து வழங்கினால், 'அடிக்காதே, அழுத்து' என்னும் கட்டளை மாணவனுக்கு ஏவலாக நில்லாது, அறிவாக மாறும். பக்கம் மாறி நிற்கும் மரையைக் கண்டு நிறுத்தச் சொல்லும் துணிவும் அவனுக்கு அவ்வறிவினாலேயே பிறக்கும்.