மாண்ட்ரியலுக்குப் பறக்கும் முன் போஹிலை அறிந்துகொள்ளுங்கள்

ஐரோப்பா வழியாக மாண்ட்ரியல் போகிறீர்களா? நீங்கள் இறங்கும் ட்ரூடோ விமான நிலையம் டோர்வல் என்னும் இடத்தில் இருக்கிறது. 1941 செப்டம்பரில் அது திறக்கப்பட்டபோது, இரண்டாம் உலகப் போர்க்காலப் படைப்பிரிவு ஒன்றின் தளமாகவும் இருந்தது. அந்தப் பிரிவின் தலைவர் ஏர் சீஃப் மார்ஷல் (விமானப்படையில் உச்சப் பதவிக்கு அடுத்த நிலை) சர் ஃபிரடெரிக் போஹில்.

யார் அவர்? 1880இல் நம் குவாலியர் அருகே மொராரில் பிறந்த ஆங்கிலேயர். முதலில் மாலுமி. முப்பது வயது கடந்த பிறகுதான் விமானம் ஓட்டக் கற்றார்.

கடல் அனுபவம் வானத்தில் உதவுமா? உதவியது. 1941 மே மாதம் 'பிஸ்மார்க்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் கண்ணில் படாமல் தப்பியது. கரையோர விமானப் பிரிவின் தலைவராக இருந்த போஹில், அது எந்த வழியாகப் போகும் என்று மாலுமியாக யோசித்து, இன்னும் தெற்கே தேடச் சொன்னார். 26ஆம் தேதி விமானம் அதைக் கண்டுபிடித்தது. மறுநாள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் கடல் அனுபவம் அடுத்த பொறுப்புக்கும் பொருந்தியது என்றே நான் நினைக்கிறேன்.

மாண்ட்ரியலில் என்ன வேலை? அமெரிக்காவில் செய்த விமானங்களைப் பிரிட்டனுக்குச் சேர்ப்பது. கப்பலில் அனுப்பினால் தாமதம். நீர்மூழ்கிகளின் ஆபத்தும் உண்டு. எனவே அட்லாண்டிக்கின் மேல் ஓட்டிச் சென்றார்கள். 1941 ஜூலையில் அந்தப் பணி போஹிலிடம் வந்தது. போர் முடிவதற்குள் 9,000க்கும் மேற்பட்ட விமானங்கள் போய்ச் சேர்ந்தன. 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர் வருவதற்கு முன்பே, 1941 பிப்ரவரியில், இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பான்டிங்கும் அப்படிப் போன விமானம் நியூஃபவுண்ட்லாந்தில் விழுந்து இறந்தார்.

இதனால் உங்களுக்கு என்ன? குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கைத் தாண்டுவது அன்றாட வேலையாகலாம் என்பதை அந்த விமானிகள் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய, கனடாவின் கேண்டர், கூஸ் பே ஓடுதளங்களில் இன்றும் பயணிகள் விமானங்கள் அவசரத்துக்கு இறங்குகின்றன. உங்கள் விமானம் அங்கே திரும்பினால் பதற வேண்டாம். அதற்காகவே அந்த இடங்கள் தயாராக இருக்கின்றன.

ஆனால் ஒன்று. 2001 செப்டம்பர் 11 அன்று, தாக்குதலால் அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, கேண்டரில் 38 பயணிகள் விமானங்கள் இறங்கின. பயணிகள் சில நாட்கள் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. பெட்டிகள் விமானத்தின் வயிற்றிலேயே இருந்துவிட்டன. அதனால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் இன்சுலினையும், கூடவே மருத்துவர் சீட்டையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போடாதீர்கள்.