பழைய வீட்டைக் காப்பது விருந்தாளியா, குடும்பமா?

குருபோங்கிலிருந்து மலாக்கா பட்டணத்துக்குக் காரில் போக அதிக நேரம் ஆகாது. அதனாலேயே நம்மில் பலர் அங்கே தங்குவதில்லை. செண்டோல் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு, இரவே வீடு திரும்பிவிடுவோம். கடந்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் ஹீரன் தெருவில் ஓர் இரவு தங்கினேன். பழைய சீனக் குடும்ப வீடு ஒன்றைப் பழுதுபார்த்து விடுதியாக்கியிருக்கிறார்கள்.

ஹீரன் தெரு என்பது டச்சுக்காரர் காலத்துப் பெயர். இன்று அது துன் டான் செங் லோக் சாலை. ஒரு வரிசை வீடுகளின் பின்கட்டு முன்பு கடலைத் தொட்டிருந்தது. பின்னாளில் கடல் தூர்க்கப்பட்டது. வீடுகளின் முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே நுழைந்தால் நீண்டுகொண்டே போகும். நடுவே வானம் பார்த்த முற்றம். மழை அதில் விழும், வெளிச்சம் இறங்கும், வெக்கை மேலேறிப் போகும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சுண்ணாம்பின் ரகசியம்

இத்தகைய வீட்டைப் பழுதுபார்க்கும்போது பலர் முதலில் தேடுவது சிமெண்டு. அதுதான் ஆபத்து. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு பூத்து, செங்கல் பொடிப் பொடியாக உதிரும். இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் அதே தெருவின் 8ஆம் எண் வீட்டுக்குப் போகலாம். டச்சுக் காலத்துக் கடைவீடான அதை மலேசிய மரபுடைமைக் கழகமான 'பாடான் வாரிசான்' மாதிரித் திட்டமாகச் சீரமைத்தது.

"வீட்டுக்காரங்க எங்கம்மா?"

மாடிப்படி ஏறும்போது என் மகள் கேட்டாள்: "இந்த வீட்டுக்காரங்க எல்லாம் எங்கம்மா?"

அதற்குப் பதில் ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையைக் குறைவாகவே வைத்திருந்தது. அது 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, பல குடும்பங்களும் சிறு தொழில் செய்தவர்களும் வெளியேறினர். 2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. சுற்றுப்பயணிகள் பெருகினர், விடுதிகளும் பெருகின.

சீனாவிலும் இதே கேள்வி உண்டு. யுன்னான் மாநிலத்தின் சீச்சோவ் கிராமத்தில், 1940களில் ஒரு வணிகர் கட்டிய முற்றத்து வீட்டில் அமெரிக்கத் தம்பதி ஒன்று 2008 முதல் விடுதி நடத்துகிறது. கட்டடம் அரசுடையது. விருந்தாளிகளின் பணம் கூரையைக் காக்கிறது. ஆனால் அடுப்பெரித்து, சாமி கும்பிட்டு வாழ்ந்த குடும்பத்தை அது திரும்பக் கொண்டுவராது. விடுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்து இடிவதைவிட அது மேல். ஆனால் குடும்பங்கள் இருக்கும்போதே காப்பது அதைவிட மேல்.

அப்படி ஓரிடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியில், மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை.

நம் தோட்டத்து லயங்களுக்கோ விருந்தாளியும் வரவில்லை, மரபுடைமைப் பட்டியலும் வரவில்லை. தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, பல லயங்கள் ஒரு படம்கூட எடுக்கப்படாமல் தரைமட்டமாயின.

அடுத்த விடுமுறைக்கு ஒரு யோசனை. ஜோங்கர் தெருவின் வார இறுதி இரவுச் சந்தைக் கூட்டத்தைத் தவிர்த்து, வார நாளில் போங்கள். 8ஆம் எண் வீடு திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கம்போங் செட்டியையும் சுற்றிப் பாருங்கள். புறப்படும் முன், வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, அவர்கள் வாழ்ந்த லயத்தை வரையச் சொல்லுங்கள்: அடுப்பு எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, பெரட்டுக்கு எந்த வழியாகப் போனார்கள் என்று.