செப்பு வேட்டைக் குண்டு

செப்பு வேட்டைக் குண்டு என்பது செம்பாலோ செம்பு மிகுந்த கலப்புலோகத்தாலோ ஒரே துண்டாகச் செய்யப்படும் ரைஃபிள் குண்டு ஆகும். வழக்கமான வேட்டைக் குண்டில் ஈயக் கருவும் அதன்மேல் மெல்லிய செப்பு உறையும் இருக்கும். இதில் ஈயம் இல்லை. அமெரிக்காவின் பார்ன்ஸ் நிறுவனம் 1989 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய "எக்ஸ்" குண்டு இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட ஒன்றாகும்.

செயற்படும் முறை

குண்டின் முனையில் சிறு குழிவு ஒன்று உண்டு. குண்டு விலங்கின் உடலில் நுழையும்போது நீர்த்தன்மை கொண்ட திசு அக்குழிவுக்குள் அழுத்தத்துடன் புகுந்து, முனையை இதழ்களாகப் பிளந்து பின்னோக்கி விரிக்கிறது. எக்ஸ் குண்டில் நான்கு இதழ்கள் விரியும். ஈயக் குண்டு துணுக்குகளாகச் சிதறி எடையை இழக்கக்கூடும். செப்புக் குண்டோ, இதழ்கள் முறியாதவரை, ஏறத்தாழ முழு எடையுடன் ஆழமாக ஊடுருவும்.

இவ்வழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். செம்பு ஈயத்தைவிடக் கடினமானது என்பதால், குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே இதழ்கள் சரிவர விரிவதில்லை. அப்போது குண்டு குறுகிய துளையிட்டு வெளியேறிவிடும். விலங்கு காயத்துடன் தப்பியோடி நெடுநேரம் துன்புற நேரிடும். இவ்வெல்லை குண்டுக்குக் குண்டு வேறுபட்டாலும், பொதுவாக விநாடிக்கு 500 முதல் 600 மீட்டர் வரை அமைகிறது.

தொலைதூரப் பறப்பு

ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம். எனவே ஒரே அளவும் வடிவமும் கொண்ட இரு திண்மக் குண்டுகளில் செப்புக் குண்டின் எடை ஈயக் குண்டினதில் சுமார் 79 விழுக்காடே ஆகும். எடை குறைந்த குண்டு காற்றுத் தடையால் விரைவில் வேகம் இழக்கும். பக்கக் காற்றிலும் கூடுதலாக விலகும்.

எடையைச் சமமாக்க வேண்டுமாயின் குண்டை நீளமாக்க வேண்டும். நீண்ட குண்டு தடுமாறாமல் பறக்க விரைவான தற்சுழற்சி தேவை. இச்சுழற்சியைத் துப்பாக்கிக் குழலின் உள்ளே வெட்டப்பட்ட சுருள் வரிகள் அளிக்கின்றன. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என அமைந்த குழலைவிட 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என அமைந்த குழல் நீண்ட குண்டுகளுக்கு ஏற்றது.

காற்றுத் தடையைக் குறைக்கப் பின்புறத்தைக் குறுக்கி, முனையில் கூரிய நெகிழி முனையைப் பொருத்துகின்றனர். இம்முனை மோதும்போது குழிவுக்குள் தள்ளப்பட்டு இதழ்கள் விரியவும் உதவுகிறது. குண்டின் உடலில் வெட்டப்படும் வளையப் பள்ளங்கள் குழலில் உராய்வையும் செப்புப் படிவையும் குறைக்கின்றன.

தேர்ந்தெடுத்தல்

* எடை: ஈயக் குண்டைவிட ஒரு படி குறைந்த எடை பொதுவாகப் பொருந்தும். .308 துப்பாக்கியில் 168 கிரெயின் (10.9 கிராம்) ஈயக் குண்டுக்குப் பதிலாக 150 கிரெயின் (9.7 கிராம்) செப்புக் குண்டைக் கொள்ளலாம். அது கூடுதல் வேகத்துடன் புறப்படும்.
* தொலைவு: இலக்கைத் தாக்க இயலும் தொலைவு வேறு, குண்டு விரியும் தொலைவு வேறு. வேகம் விரிவு எல்லைக்கு இறங்கும் இடமே சுடத்தக்க உச்சத் தொலைவாகும்.
* சோதனை: ஒரே குண்டு எல்லாத் துப்பாக்கிகளிலும் ஒரே துல்லியத்தைத் தருவதில்லை. குழலில் படிந்த செம்பை நீக்கியபின் சுட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஈயத் தடை

ஈயத் துணுக்குகள் வேட்டையாடப்பட்ட விலங்கின் எச்சங்களில் தங்கிவிடுகின்றன. அவற்றை உண்ணும் கலிபோர்னியா காண்டோர் என்னும் பிணந்தின்னிப் பறவை ஈய நஞ்சால் இறக்கிறது. 1982 ஆம் ஆண்டில் இப்பறவைகள் 22 மட்டுமே எஞ்சியிருந்தன. கலிபோர்னியா மாநிலம் 2008 முதல் காண்டோர் வாழும் பகுதிகளில் பெருவிலங்கு வேட்டைக்கு ஈயக் குண்டுகளைத் தடை செய்தது. 2013 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2019 சூலை 1 முதல் மாநிலம் முழுவதும் காட்டுயிர்களைத் துப்பாக்கியால் வேட்டையாட ஈயமற்ற குண்டுகள் கட்டாயமாயின.