சிறுகுறிஞ்சானும் மெட்ஃபார்மினும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் காய்ந்த மேட்டு நிலங்களில் ஆவாரஞ்செடிக்குப் பஞ்சமில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடித்து வருவார்கள். சர்க்கரை வந்தவர் வீட்டில் பூவை நிழலில் உலர்த்திக் கஷாயம் போடுவார்கள். சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரிலும் இதுதான் தலைச்சரக்கு; கூடவே கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை எல்லாம் சேரும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் அதே வாசலுக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

செடியில் சரக்கு இல்லை என்று ஒதுக்க முடியாது. சர்க்கரைக்குச் சாப்பிடும் இன்னொரு செடியான சிறுகுறிஞ்சானின் இலை ஒன்றை நன்றாக மென்று துப்பிவிட்டு வாயில் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். மணலை மெல்வது போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்கின்றன. சற்று நேரத்தில் சரியாகிவிடும். நாக்குக்குத் தெரியவில்லை என்பதற்காக ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாது, அது வேறு கணக்கு. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் அந்தக் கணக்கையும் பார்த்தார்கள். 1990இல் வெளியான அவர்களது ஆய்வில், 22 பேருக்கு வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் இலைச் சாரம் கொடுத்து 18 முதல் 20 மாதம் கவனித்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்தினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 22 பேரை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து எழுத முடியாது. தவிர, அவர்கள் கொடுத்தது அளந்து தயாரித்த சாரம். நம் வீட்டுக் கைப்பிடி இலையில் எவ்வளவு இருக்கும் என்பது மண்ணையும் பருவத்தையும் காய்ச்சும் நேரத்தையும் பொறுத்தது.

இதில் செடி மருந்து, இங்கிலீஷ் மருந்து என்று கட்சி கட்டுவது வீண் வேலை. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான். ஐரோப்பாவின் கலிகா செடியிலிருந்த கலிஜின் சர்க்கரையைக் குறைத்தது, நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவுக்காரப் பொருளான மெட்ஃபார்மினை 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் முடிவை வெளியிட்டது 1957இல்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்குவது அபூர்வம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும். அதன்மேல் பாகற்காய்ச் சாறும் சிறுகுறிஞ்சான் பொடியும் சேர்ந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுப் பருத்திக் காட்டில் நிற்பவருக்கு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் வெயில் என்று நினைத்துவிடக் கூடாது. உடனே இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் மறைப்பவர்கள் அதிகம், திட்டுவார் என்ற பயம். சொன்னால்தான் அவர் மாத்திரை அளவைப் பார்த்துக் குறைக்கவோ கூட்டவோ முடியும். கஷாயத்தை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கஷாயம் கேட்கிறதா என்பதை மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம்.