கல்லூரிக் கட்டணமும் அட்டையின் நான்கு எண்களும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுங்கை பஞ்சாங் பக்கம் ஒரு பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளை எங்கே சேர்ப்பது, பணத்துக்கு என்ன வழி என்பதுதான் பேச்சு. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் ஒருவர் தனியாக வந்தார். செம்பனை லோரி ஓட்டுகிறவர். மகளுக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்து, பதிவு நாளன்று 3,000 ரிங்கிட்டைக் கடன்பற்று அட்டையில் கட்டியிருக்கிறார். அட்டை வாங்கும்போது, செலவு செய்யும் ஒவ்வொரு நூறு வெள்ளிக்கும் ஒரு வெள்ளி திரும்பக் கிடைக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். மாதக் கணக்கு வந்தது. முப்பது வெள்ளியைக் காணோம். வங்கிக்குத் தொலைபேசி போட்டால், "அந்தக் கோட்டுக்குக் கிடையாது சார்" என்று ஒரே வரியில் பதில்.

"ஐயா, நான் கட்டியது பணம்தானே? அதில் கோடு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். இன்றைய என் பேச்சு அவருடைய கேள்விக்கான பதில்தான்.

அட்டையை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு கடைக்கும் நிறுவனத்துக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. நான்கு நம்பர் என்றதும் நம் ஆட்களுக்கு வேறு நினைவு வரும். இது அந்த நம்பர் இல்லை! வணிக வகை எண் என்று தமிழில் சொல்லலாம். வங்கிக்காரர்கள் எம்.சி.சி. என்பார்கள். பெட்ரோல் நிலையத்துக்கு 5541, மளிகைக் கடைக்கும் பேரங்காடிக்கும் 5411, மருத்துவமனைக்கு 8062, கோயில், தேவாலயம் போன்ற சமய அமைப்புகளுக்கு 8661. விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனங்கள் பயன்படுத்தும் இந்த எண்களுக்கு 2003ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 18245 என்ற அனைத்துலகத் தரமும் வந்தது.

கல்விக்கென்று தனி வரிசையே இருக்கிறது. தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளிகளுக்கு 8211. கல்லூரி, பல்கலைக்கழகம், தொழில்முறைப் படிப்பு நடத்தும் உயர்கல்விக்கூடங்களுக்கு 8220. அஞ்சல்வழிக் கல்விக்கு 8241. வணிகம், செயலாளர் பயிற்சி தரும் இடங்களுக்கு 8244. கைத்தொழில் பயிற்சிப் பள்ளிகளுக்கு 8249. இவற்றில் எதிலும் அடங்காத கல்விச் சேவைகள் எல்லாம் 8299இல் போய்விழும்.

இந்த எண்ணை யார் கொடுக்கிறார்கள்? நாமும் இல்லை, நமக்கு அட்டை கொடுத்த வங்கியும் இல்லை. கல்லூரிக்கு அட்டைக் கருவியையோ இணையக் கட்டண வசதியையோ அமைத்துத் தரும் வங்கி ஒன்று இருக்கிறது. அதுதான், அந்த நிறுவனத்தின் முக்கியத் தொழில் என்ன என்று பார்த்து எண்ணைப் பதிவு செய்கிறது. நாம் எதற்காகப் பணம் கட்டுகிறோம் என்பதைக் கருவி கேட்பதில்லை. யாரிடம் கட்டுகிறோம் என்பதுதான் அதற்குத் தெரியும்.

நம் வட்டாரத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் பழகிய ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அங்கே வளாகம் வைத்திருக்கும் யூனிசெல் என்னும் சிலாங்கூர் பல்கலைக்கழகம் 1999இல் தொடங்கப்பட்டது. மாநில அரசாங்கத்துக்குச் சொந்தமானது. ஆனால் சட்டப்படி அது தனியார் உயர்கல்விக்கூடம். இப்படிப்பட்ட இடத்தில் கட்டும் கட்டணம் அரசாங்கத்துக்குக் கட்டுவதா, கல்லூரிக்குக் கட்டுவதா என்று பலருக்கும் குழப்பம் வரும். அரசாங்கச் சேவைக்கு 9399 என்று வேறு எண் இருப்பதால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் வகைப்படுத்தும் விதி உரிமையாளரைப் பார்ப்பதில்லை, தொழிலைப் பார்க்கிறது. பாடம் நடத்திப் பட்டம் கொடுப்பது தொழில் என்றால் அதற்குரிய எண் 8220. மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகமானாலும் சரி, கிள்ளான் கடைவரிசை மாடியில் இயங்கும் தனியார் கல்லூரியானாலும் சரி, விதி ஒன்றுதான்.

ஆனால் ஒரே வளாகத்துக்குள் எண் மாறலாம். வளாகப் புத்தகக் கடையைத் தனி வணிகர் நடத்தினால் அதற்குப் புத்தகக் கடை எண்ணான 5942. சிற்றுண்டிச் சாலைக்கு உணவகத்தின் எண். அதனால்தான் மகன் உணவுக்குக் கொடுத்த பத்து வெள்ளிக்குச் சலுகை வருகிறது, அப்பா கட்டிய மூவாயிரத்துக்கு வருவதில்லை. கேட்பவர்களுக்கு இது கேலியாகத் தோன்றும்.

சரி, கல்வி எண்ணுக்கு ஏன் சலுகை இல்லை? நாம் அட்டையில் கட்டும்போது, கல்லூரியின் வங்கி நம் வங்கிக்குச் சிறு விழுக்காடு கொடுக்கிறது. வங்கி நமக்குத் திருப்பித் தரும் பணத்துக்கு அதுவும் ஒரு முக்கிய ஊற்று. பேங்க் நெகாரா 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்தத் தொகைக்கு உச்ச வரம்பு வைத்தது. கல்வி, அரசாங்கம், அறநிறுவனம் ஆகியவற்றில் தொகை பெரிது, வங்கிக்குக் கிடைக்கும் இலாபம் சிறிது. ஆகவே பல வங்கிகள் தங்கள் நிபந்தனைத் தாளில் இந்த எண்களை விலக்கிவிடுகின்றன. அந்தத் தாளை வாசிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும் என்பது வேறு கதை.

சலுகையோடு மட்டும் இந்த எண்ணின் வேலை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில், அட்டையில் கட்டும் மாணவரிடம் தனிச் சேவைக் கட்டணம் வாங்க விசா நிறுவனம் உயர்கல்வித் துறைக்கென்று ஒரு திட்டத்தில் அனுமதி தருகிறது. அதில் சேரக் குறிப்பிட்ட சில கல்வி எண்களுக்குத்தான் தகுதி உண்டு. 8299இல் பதிவான பயிற்சி நிலையத்துக்கு அதில் இடமில்லை. இந்தியாவிலோ, கல்வி நிலையங்களுக்கு யு.பி.ஐ. வழியாக ஒரே தடவையில் கட்டும் உச்சத் தொகையை ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாயாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. பணம் பெறும் நிறுவனம் கல்வி வகையில் முறையாகப் பதிவாகி இருந்தால்தான் அந்த உயர்ந்த வரம்பு. சென்னையில் மகனைச் சேர்க்கும் தகப்பனாருக்கு, கல்லூரி தவறான வகையில் பதிவாகியிருந்தால் கடைசி நாளில் பணம் போகாது.

அங்கே நடந்த இன்னொன்றும் நமக்குப் பாடம். 2024இல் இந்தியாவின் சில பெரிய வங்கிகள், வேறு நிறுவனங்களின் செயலி வழியாகக் கடன் அட்டையில் கல்விக் கட்டணம் கட்டினால் ஒரு விழுக்காடு கூடுதலாக வாங்கத் தொடங்கின. கல்லூரியின் சொந்த இணையத்தளத்திலோ கருவியிலோ நேரடியாகக் கட்டினால் அந்தக் கூடுதல் இல்லை. அதே கல்லூரி, அதே கட்டணம். நடுவில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். நம் நாட்டிலும் பல கல்லூரிகள் இடைத்தரகு நிறுவனத்தின் கட்டண வாசல் வழியாகத்தான் பணம் பெறுகின்றன. எஃப்.பி.எக்ஸ். வழியாக வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் அது அட்டைப் பரிமாற்றமே இல்லை. அங்கே எண்ணும் இல்லை, சலுகையும் இல்லை, வட்டியும் இல்லை.

வட்டி என்றதும் லோரி ஓட்டுநரிடம் திரும்பி வருகிறேன். முப்பது வெள்ளியைப் பற்றிப் பேசி முடித்தபின், மீதித் தொகையை எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "குறைந்தபட்சம் போட்டிருக்கிறதே, அதைக் கட்டிவிட்டேன்" என்றார். குறைந்தபட்சத் தொகை என்பது நிலுவையில் 5 விழுக்காடு. மூவாயிரத்துக்கு 150 வெள்ளி. நம் நாட்டில் கடன்பற்று அட்டை வட்டியின் உச்ச வரம்பு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அதாவது மாதத்துக்கு ஒன்றரை. முதல் மாதமே 45 வெள்ளி வட்டி. அவர் தேடிக்கொண்டிருந்த சலுகை முப்பது வெள்ளி!

வேறு எதுவும் அந்த அட்டையில் வாங்காமல், மாதம் தவறாமல் 150 வெள்ளி கட்டினாலும் கடன் அடைய 24 மாதம் ஆகும். வட்டி மட்டும் ஏறக்குறைய 590 வெள்ளி. நிலுவை குறையக் குறைய 5 விழுக்காடும் சுருங்குமே, அதை மட்டும் கட்டினால் இன்னும் பல ஆண்டுகள் இழுக்கும். மகள் டிப்ளோமா வாங்கியிருப்பாள், அப்பா பதிவு நாள் கட்டணத்தையே கட்டிக்கொண்டிருப்பார்.

இதைவிட மோசமான வழியும் உண்டு. அலுவலகத்தில் அட்டை வாங்க மாட்டார்கள் என்று தெரிந்து, அதே அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ரொக்கத்துக்கு 6011 என்று தனி எண். பெரும்பாலான வங்கிகளில் எடுத்த தொகைக்கு 5 விழுக்காடு கட்டணம், அதோடு எடுத்த நாளிலிருந்தே வட்டி. பொருள் வாங்கினால் கிடைக்கும் 20 நாள் சலுகைக் காலம் இதற்குக் கிடையாது.

நம் குடும்பங்கள் அட்டையை நாடுவது ஆடம்பரத்துக்காக இல்லை. பதிவு நாள் முந்திக்கொள்கிறது, கல்விக் கடன் பிந்தி வருகிறது, அதுதான் காரணம். பி.டி.பி.டி.என். கடனின் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடுதான். அரசாங்க உயர்கல்விக்கூடத்தில் இடம் கிடைத்த, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 ரிங்கிட் வரை முன்பணம் தரும் ஏற்பாடும் அதில் உண்டு. ஊழியர் சேமநிதியில் கல்விக்காகப் பணம் மீட்கலாம். 2024 மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, அது அக்காவுன் செஜாத்திராவிலிருந்து வரும். ஆனால் இரண்டுக்கும் விண்ணப்பம், ஆவணம், காத்திருப்பு என்று நாள் பிடிக்கும். இடக் கடிதம் கையில் கிடைத்த அன்றே தொடங்க வேண்டிய வேலை இது.

அட்டையில்தான் கட்டியாக வேண்டும் என்றால் ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். எண் ரசீதில் பெரும்பாலும் இருக்காது. கல்லூரிகள் பொதுவாக விண்ணப்பக் கட்டணம் என்று சிறு தொகை முதலில் வாங்கும். அதை, பெரிய தொகையைக் கட்டப்போகும் அதே கட்டண வாசலில், அதே அட்டையால் கட்டுங்கள். கணக்கில் பதிவானதும் உங்கள் அட்டை வங்கியை அழைத்து, அந்தப் பரிமாற்றத்தின் எம்.சி.சி. என்ன, அதற்குச் சலுகை உண்டா, தவணைத் திட்டத்தில் மாற்ற முடியுமா என்று மூன்றையும் கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். எண் தவறு என்று தோன்றினால் உங்கள் வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை. கல்லூரி நிதி அலுவலகம்தான் தன் வங்கியிடம் எழுதி மாற்றக் கேட்க வேண்டும்.

அந்த ஓட்டுநரை ஏ.கே.பி.கே.வுக்கு அனுப்பினேன். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனை இலவசம். அடுத்த பருவக் கட்டணத்துக்குச் சேமநிதியில் விண்ணப்பம் போட்டுவிட்டதாகப் பிறகு தொலைபேசியில் சொன்னார். அந்த முப்பது வெள்ளியைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை.